மல்லிகை மடியில் ஒரு கொய்யா

9-6-2019. கல்யாணம். மொய் வரவு ரூ. 1,84,350.
14-9-2020. ஆஸ்பத்திரிச் செலவு ரூ. 6,400.
3-12-2021. ஆஸ்பத்திரிச் செலவு ரூ. 11,250.
20-10-2022. கொய்யா 2 கிலோ ரூ. 120.
5-12-2022. பிளாஸ்டிக் வாளி 11, ரூ. 1,320.
31-3-2023. வாய் திறந்து வீணான பூ ரூ. 9,700.
8-4-2024. இனிப்பு 3 கிலோ ரூ. 1,260.

இந்தத் தேதிகளுக்கு உரியவள் நாகஜோதி. வெள்ளோட்டுக்கு மேற்கே, தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரில், எண்பது சென்ட் மல்லிகைத் தோட்டம் உள்ள வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். அங்கே மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் உண்டு. பெய்யாவிட்டால் ஆட்டுக்குக்கூடப் பச்சை கிடைக்காது. கல்யாணம் பேசி முடித்த அன்று, அவளோடு படித்த பெண்கள் வந்து, "ஒனக்கென்னடி, இனிமே சென்ட்டு வாங்குற செலவு மிச்சம்" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. வந்த முதல் வாரமே அவளுடைய தலையணை வரைக்கும் மல்லிகை மணம் ஏறிவிட்டது. ஒரு மாதம் போனதும் அந்த மணம் மூக்குக்குப் பழகித் தெரியாமல் போயிற்று. தெரிந்தது வேறொரு வாடை. பூண்டை நசுக்கினாற்போல, லேசாக, கையிலும் சேலையிலும் இருந்துகொண்டே இருந்தது. மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்தின் வாடை அது.

மல்லிகை மொட்டை விடியுமுன் பறிக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பாதி விலைகூடத் தேறாது. பறிக்கிற பெண்கள் பழைய சேலையைக் கிழித்து, இடுப்பைச் சுற்றி முன்பக்கம் பை போலக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மடி என்று பெயர். நெற்றியில் டார்ச் விளக்கு, இரண்டு கையும் செடியில், மொட்டு மடியில். மொட்டு வாடாமல் இருக்க மடித்துணியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். நாகஜோதிக்கு அதைக் கட்டக் கற்றுக்கொடுத்தவள் மாமியார் அய்யம்மாள்.

"இறுக்கிக் கட்டு தாயி. வயித்தோட ஒட்டி இருக்கணும். தளந்தா மொட்டு உதுந்துரும்."

அவளும் இறுக்கிக் கட்டினாள். கணவன் இளஞ்செழியன் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு சாயங்காலம் மருந்து அடிப்பான். காலையில் பறிப்பு இருக்கிறது, பகலில் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் அடிக்காமல் எப்போது அடிப்பது? ஊரில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். மறுநாள் விடியலில் பெண்கள் ஈர மடியோடு இறங்குவார்கள்.

கல்யாணம் ஆன மறுவருடம் நாகஜோதி முழுகாமல் இருந்தாள். மூன்று மாதம் தாண்டவில்லை. அதற்கு அடுத்த வருடம் மறுபடியும். இந்த முறை நான்காம் மாதம் வரை வந்து, மார்கழி பிறக்குமுன் அதுவும் போயிற்று. இடையில் மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தது. வந்தால் பத்து நாளுக்கு நிற்காது. திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, "உங்க ரெண்டு பேருகிட்டயும் பெருசா ஒரு குறையும் தெரியல. உடம்பைத் தேத்திட்டு ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

குறை ஒன்றும் இல்லை என்று கேட்டு வீடு திரும்புவதுதான் அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது. குறை என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைத் தீர்க்க ஒரு வழியாவது தேடியிருப்பாள். அய்யம்மாள் வைது ஒரு வார்த்தை சொன்னதில்லை. குலசாமி கோயிலுக்கு மட்டும் மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் யாராவது "என்ன அய்யம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டால், "இருந்தா ஓங்கிட்ட சொல்லாமயா இருப்பேன், மொத ஆளா தண்டோராப் போடச் சொல்றேன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

2022 ஆகஸ்டில் ஊருக்குள் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தவள் தஹ்சீன். திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். பூச்சிமருந்து புழங்கும் பெண்களின் கர்ப்பப்பைக்கும் கருமுட்டைக்கும் என்ன ஆகிறது, சாப்பிடுகிற பழத்தில் இருக்கும் சத்து அதைக் கொஞ்சமாவது காக்குமா என்பதுதான் அவளுடைய பாடம். பறிப்புக்குப் போகும் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தாள்.

"டாக்டரம்மா, ரத்தம் எடுக்க வந்தீகளே, மொதல்ல ரத்தம் ஊற ஏதாச்சும் குடுங்க" என்றாள் சகாயராணி. பக்கத்துத் தோட்டத்துக்காரி, வாய் அதிகம்.

"நான் டாக்டர் இல்லக்கா, இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ரத்தம் ஊறத்தான் ஆயக்குடிக் கொய்யா கொண்டாந்திருக்கேன்."

"கொய்யாவா! நான் மட்டன்னுல நெனச்சேன்."

சிரிப்பு அடங்கிய பிறகு தஹ்சீன் விஷயத்துக்கு வந்தாள். "வெட்டிப்போட்ட ஆப்பிள் செத்த நேரத்துல கறுத்துப் போகுதுல்ல? அது மேல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு வச்சா அம்புட்டு சீக்கிரம் கறுக்காது. நம்ம உடம்புக்குள்ளயும் அந்த மாதிரி ஒண்ணு நடக்குது. புகை, பூச்சிமருந்து எல்லாம் உள்ள போனா அது வேகமா நடக்கும். கருமுட்டை ரொம்ப மென்மையானது, சீக்கிரம் அடிபடும். கொய்யா, நெல்லிக்காயில இருக்கிற சத்து அந்த அடியில கொஞ்சத்தைத் தன் மேல வாங்கிக்கும். அதுக்குப் பேரு ஆன்டிஆக்ஸிடன்ட். கொஞ்சத்தைத்தான் வாங்கிக்கும், எல்லாத்தையும் இல்ல. எவ்வளவுன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

நாகஜோதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குறை என்று ஒன்றை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பதினொரு பேர் கைநீட்டி ரத்தம் கொடுத்தார்கள். முதல் கை அவளுடையது.

மூன்று மாதம், ஆளுக்குத் தினம் ஒரு கொய்யா, இரண்டு நெல்லிக்காய். திங்கட்கிழமை தோறும் ஆயக்குடியிலிருந்து பஸ்ஸில் கூடை வந்துவிடும். தீபாவளி வாரம் மட்டும் வரவில்லை. மற்றவர்கள் அந்த வாரத்தைப் பலகாரத்தில் கழித்தார்கள். நாகஜோதி திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப்போய், கூட்டத்தில் இடிபட்டு, தன் காசில் இரண்டு கிலோ கொய்யா வாங்கி வந்தாள்.

நவம்பர் கடைசியில், மறுபடி எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது. யாருடைய முடிவும் அவரவர் கையில் மட்டும் எழுத்தில் சேர வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் விதி. ஆளுக்கு ஒரு ஒட்டிய உறை கொண்டுவந்து கொடுத்தாள் தஹ்சீன். பத்துப் பேருக்குக் கொஞ்சமாவது தேறியிருந்தது. நாகஜோதியை மட்டும் பம்புசெட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பழம் தெனமும் சாப்பிட்டீங்களா?"

நாகஜோதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏன், நான் தின்னாம வித்துட்டேன்னு நெனச்சீகளா?"

"அய்யோ, அப்படி இல்லக்கா. எல்லாருக்கும் தேறியிருக்கு. உங்களுக்கு மட்டும் மொத இருந்ததைவிட மோசமா இருக்கு."

"ஒரு நா விடல. பழம் வராத வாரம் நானே பஸ்ஸு ஏறிப் போயி வாங்கித் தின்னேன். எனக்கு எம்புட்டு ஆசை இருந்தா அப்படி அலைவேன், சொல்லுங்க." வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

தஹ்சீன் தன் குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்படின்னா நான்தான் எதையோ பாக்காம விட்டிருக்கேன். நாளைக்கு விடியக்காலம் தோட்டத்துக்கு வரட்டுமாக்கா? நீங்க பறிக்கிறதை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாக்கணும்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பனியில் விறைத்துப்போய் வந்து இறங்கினாள். கையில் நோட்டு வைத்திருந்தாள். இருட்டில் எழுத முடியாமல் பைக்குள் போட்டுவிட்டாள். பெண்கள் வரிசை பிடித்துப் பறித்தார்கள். வெளிச்சம் வந்து விளக்குகளை அணைத்த நேரம், நாகஜோதி மடிக்குள் கையை விட்டாள். மொட்டுக் குவியலின் அடியிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்தாள். ஜில்லென்று இருந்தது. மடித்துணியின் ஓரத்தில் ஒரு துடை துடைத்து வாயருகே கொண்டுபோனாள்.

"அக்கா! கடிக்காதீங்க!"

"என்ன, பாம்பா?" என்று சகாயராணி ஒரே தாவாகத் தாவி வரப்பில் ஏறினாள்.

தஹ்சீன் ஓடிவந்து பழத்தை வாங்கி மூக்கருகே வைத்தாள். பிறகு குனிந்து மடித்துணியைத் தொட்டு விரலை முகர்ந்தாள். பூண்டு வாடை.

"மருந்து எப்ப அடிச்சாங்க?"

"நேத்து சாயங்காலம்."

"தெனமும் இங்க வச்சுத்தான் சாப்பிடுவீங்களா? மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயி, குளிச்சிட்டுத்தான சாப்பிடுறாங்க?"

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து வரிசையில் அய்யம்மாள் நின்றிருந்தாள். அவள் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு பழம் வந்தால் அதைக் கீறி எல்லாருக்கும் வைப்பதுதான் பழக்கம். மாமியார் பார்த்திருக்க மருமகள் ஒரு முழுப் பழத்தைத் தனியாக உட்கார்ந்து தின்பது எப்படி? பங்கு வைத்தால் கணக்கு குறைந்துபோகும், டாக்டரம்மா தினம் ஒன்று என்றல்லவா சொல்லியிருக்கிறார்? அதனால் விடியலில் மடிக்குள் போட்டுக் கொண்டுவந்து, பசிக்கிற நேரத்தில் இங்கேயே தின்றுவிடுவாள்.

மெல்லச் சொன்னதும் அய்யம்மாளுக்குக் கேட்டுவிட்டது. செடியை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் தாயி, ஒரு கொய்யாப் பழத்துக்கா நான் பல்லக் காட்டிக்கிட்டு நிப்பேன்? எனக்குப் பல்லே நாலுதான் இருக்கு, அதுல கொய்யாக் கொட்டை போயி உக்காந்தா நாள் முச்சூடும் குடைவேன்!"

பெண்கள் சிரித்தார்கள். அய்யம்மாள் சிரிக்கவில்லை. அவள் பார்வை மருமகளின் வயிற்றில், தான் கட்டக் கற்றுக்கொடுத்த அந்த ஈரத்துணியின் மேல் இருந்தது.

"இந்தத் துணி?" என்று தஹ்சீனைக் கேட்டாள்.

"அதுதான் அத்தை எனக்கும் இப்ப பயமா இருக்கு. என்ன சாப்பிடுறீங்க, எத்தனை தடவை மருந்து அடிக்கிறீங்க, எல்லாம் கேட்டேன். பறிச்ச பூ எங்க இருக்கும்னு மட்டும் கேக்கவே இல்ல. பழம் ஒரு கை உதவி மாதிரி. ஒரு பக்கம் ஈரத்துணி வழியா மருந்து உள்ள எறங்கிக்கிட்டே இருந்தா, பழம் பாவம் என்ன பண்ணும்? அதுலயும் அக்கா தின்ன பழமே மருந்துல நனைஞ்ச பழம்."

நாகஜோதியின் மடித்துணியை அவிழ்த்து, ஒரு பையில் கட்டி, சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கடிதம் வந்தது. துணியை அலசிக் காயவைத்த பின்னும் அதில் மருந்து இருந்தது என்று எழுதியிருந்தது.

கடிதம் வரும் வரை அய்யம்மாள் காத்திருக்கவில்லை. டிசம்பர் ஐந்தாம் தேதி, தான் சேர்த்து வைத்திருந்த பூக்காசை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போய், பதினொரு பிளாஸ்டிக் வாளி வாங்கி, மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். யார் கேட்டும் காசு வாங்கவில்லை. "கட்டச் சொன்னவ நான். அவுக்கவும் நான்தான் சொல்லணும்" என்றாள்.

வாளி முதல் நாளே தகராறு செய்தது. ஒரு கையில் வாளி இருந்தால் பறிக்க ஒரு கைதான் மிச்சம். கீழே வைத்தால் செடிக்குச் செடி குனிந்து தூக்க வேண்டும். "இதுக்கு நான் மடியோடயே செத்துப் போறேன்" என்று இரண்டு பேர் வாளியைப் போட்டுவிட்டார்கள். சகாயராணி பம்புசெட்டிலிருந்து ஒரு கயிறை உருவி, வாளியைப் பக்கவாட்டில் குடம் வைப்பதுபோல இடுப்பில் சேர்த்து, தோள் வழியாக ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டு கையும் விடுதலையாயிற்று. மடித்துணிக்குப் பதிலாக ஓர் ஈரச்சாக்கை வாளியின் வாயில் போட்டார்கள். மொட்டு வாடவில்லை.

"நடந்து வரும்போது கறவைக்குப் போற மாதிரியே இருக்குடி" என்றாள் சகாயராணி, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு.

இளஞ்செழியன் அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம், தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றவன் கேட்டான்:

"அந்த ரெண்டு புள்ளையும் நான் அடிச்ச மருந்துலயா போச்சு, நாகு?"

நாகஜோதி இந்தக் கேள்வியைத் தனக்குள்ளே பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள். தஹ்சீனிடமும் கேட்டாள். "தெரியாதுக்கா, உறுதியாச் சொல்ல யாராலயும் முடியாது" என்றுதான் அவள் சொன்னாள்.

"தெரியாதாம்ங்க. டாக்டரம்மாவே தெரியாதுங்கிறாக. நீங்க மட்டும் எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கீக?" என்றாள். பிறகு, "இனிமே என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்று அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

அவன் யோசித்துச் செய்தான். தோட்டத்தை நடுவில் வரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தான். புழு குறைவாக இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்திக்கொண்டான். மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் ஒரு பாதிக்கு மட்டும் அடித்து, அடுத்த சில நாள் அந்தப் பாதிக்குள் நாகஜோதியை விடவில்லை. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு தானே பறித்தான். அந்த ஊரில் ஆண்கள் பூ மூட்டை தூக்குவார்கள், மருந்து அடிப்பார்கள். மொட்டுப் பறிக்க உட்கார்ந்த ஆண் இவன் ஒருவன்தான். கையுறைக்குள் மொட்டு வழுக்கியது. ஒரு கிலோ சேருமுன் வெயில் ஏறிவிடும்.

"மதினி, உங்க வீட்டுக்காரர் பறிக்கிற வேகத்துக்குச் செடியில பூவு வாடி, சருகு விழுந்து, அடுத்த மொட்டே வந்துரும்போல" என்று வரப்பில் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"போங்கடி, போயி உங்க வீட்டு ஆம்பளைகளுக்கு ஒரு வாளியக் கட்டி விடுங்க" என்றாள் நாகஜோதி. மார்ச் முடிய, அவன் கைக்கு எட்டுமுன் வாய் திறந்துவிட்ட பூவால் நட்டம் ஒன்பதாயிரத்து எழுநூறு. அந்தத் தொகையை அவள் நட்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கொய்யா இப்போது வீட்டில் தின்னப்பட்டது. குளித்துவிட்டு வந்ததும் அய்யம்மாள் ஒரு முழுப் பழத்தை நல்ல தண்ணீரில் கழுவி மருமகள் கையில் கொடுத்து, அவள் தின்று முடிக்கும் வரை எதிரே நிற்பாள். "என்னையும் பாக்க வச்சுத் தின்னு பழகு" என்பாள். ஜூனில் தஹ்சீன் கடைசியாக ஒருமுறை எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். படிப்பு முடிகிறது, சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, முடிவைத் தபாலில் அனுப்புகிறேன் என்றாள். நாகஜோதிக்கு மாதவிலக்கு அதற்குள் ஒழுங்குக்கு வந்திருந்தது. ஆகஸ்டில் அது நின்றது.

மூன்றாம் மாதம் முடிந்தபோது வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் மாதம் நாகஜோதி தினம் காலையில் கண்விழித்ததும் அசையாமல் படுத்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பாள். ஒருநாள் இடுப்பு வலிக்க, இளஞ்செழியன் பறித்த பூவை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தான். டாக்டர் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லா இருக்கு, நீங்கதான் அவங்களைப் பயமுறுத்துறீங்க" என்று அவனைத்தான் கண்டித்தார். ஐந்தாம் மாதம் உள்ளே ஒரு அசைவு தெரிந்தது. அப்போது அவள் கொய்யா தின்றுகொண்டிருந்தாள். பாதிப் பழத்தோடு எழுந்து போய், மாமியாரின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். துணி இறுக்காத வயிறு. அய்யம்மாள் கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

2024 ஏப்ரல் எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. அய்யம்மாள் மூன்று கிலோ இனிப்பு வாங்கி, வாளி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் தானே நடந்து போய்க் கொடுத்தாள். விசேஷம் இல்லையா என்று முன்பு கேட்டவர்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒன்று கூடுதலாக வைத்தாள். சகாயராணி குழந்தையைப் பார்த்துவிட்டு, "கலரும் கொய்யா, கன்னமும் கொய்யா. எனக்கு அன்னைக்கே மட்டன் குடுத்திருந்தா நானும் ஒண்ணு பெத்திருப்பேன்" என்றாள். அவளுக்கு ஏற்கெனவே மூன்று.

தஹ்சீனுக்குப் போன் செய்தார்கள். "அக்கா, நீங்க மொத கையை நீட்டலன்னா அன்னைக்கு ஒருத்தரும் நீட்டியிருக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

"நீங்க அந்தப் பனியில வரலன்னா நான் இன்னமும் பழத்தை மடியிலதான் வச்சிருப்பேன்" என்றாள் நாகஜோதி.

அவள் நன்றி சொல்ல நினைத்தவர்கள் நிறையப் பேர். கட்டச் சொன்ன மடியைத் தானே அவிழ்க்கச் சொன்ன மாமியார், வழுக்கும் கையுறையோடு மொட்டுப் பறித்த கணவன், கயிறு கட்டிய சகாயராணி, முகம் தெரியாத ஆயக்குடித் தோட்டக்காரர். வாயால் சொன்னது குறைவு. குழந்தையைத் தூக்கி அவரவர் மடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

தபாலில் வரும் என்றிருந்த முடிவை அதற்குள் வீட்டில் எல்லாரும் மறந்திருந்தார்கள். தபால்காரர் வந்தபோது நாகஜோதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி, இளஞ்செழியன்தான் உறையைப் பிரித்துப் படித்தான். ரத்தத்தில் இருந்த கெடுதல் சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது என்று முதல் வரி. இதற்குக் காரணம் பழமா, வாளியா, மருந்து அடிப்பதைக் குறைத்ததா என்று பிரித்துச் சொல்ல இந்த ஆராய்ச்சியால் முடியவில்லை, ஆனால் மூன்றையும் விட வேண்டாம் என்று இரண்டாவது வரி. அதற்குக் கீழே, தன் கையால், "மடித்துணிக்கு நன்றி அக்கா" என்று தஹ்சீன் எழுதியிருந்தாள்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 25-4-2024, வியாழக்கிழமை.